தெரிந்துகொள்வோம்: நாய்க்கு வந்த கட்டி

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் வதிவிட அனுமதி, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியவை. இம்முறை ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. பத்து வயதுப் பிள்ளையொன்று கொப்பித் தாளில் பாதி தமிழும் பாதி டொச்சுமாக எழுதியிருந்தது. "மாமா, எங்கட நாய்க்குக் கழுத்தில கட்டி வந்திருக்கு. அம்மம்மா அது புற்று, பிள்ளையளுக்குத் தொத்தும், ஆரிட்டையாவது குடுத்து விடுங்கோ எண்டு சொல்லுறா. தொத்துமோ?"

தொற்றாது. ஒரு சொல்லிலே பதில் முடிந்தது. ஆனால் அந்தச் சொல்லைத் துணிந்து எழுதுவதற்கு முன் நாம் பலரிடம் கேட்கவும், நிறைய வாசிக்கவும் வேண்டியிருந்தது. நாம் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவர்கள். பகலில் தொழிற்சாலையில் நின்று, இரவில் அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பவர்கள். அப்படி வாசித்ததில் பாதி நாயைப் பற்றியதாகவும் மீதி எங்களைப் பற்றியதாகவும் இருந்தபடியால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டோம். "அகதிப் பத்திரிகையில் நாய்க்கு வைத்தியமோ" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே வாசிக்கலாம்.

முதலில் இந்த நாட்டில் நாய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஊரிலே நாய் முற்றத்தில் கிடக்கும், மிஞ்சிய சோறு தின்னும், ஒருநாள் காணாமல் போகும். இங்கே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தோலுக்கடியிலும் அரிசி மணியளவில் ஒரு சிப் இருக்கும். 2016 முதல் அமிக்குஸ் என்னும் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரோடு நாயும் பதியப்படுகிறது. கெமைண்டேக்கு வருடா வருடம் நாய் வரி கட்டவேண்டும். புதிதாக நாய் எடுக்க நினைக்கும் குடும்பங்கள் இதை மறக்கவேண்டாம்.

நாய்களின் கட்டிகளையும் இந்த நாடு எழுதி வைத்திருக்கிறது. சுவிசின் மூன்று விலங்கு நோயியல் ஆய்வுகூடங்களில் 1955 முதல் 2008 வரை சேர்ந்த அறிக்கைகளை ஒன்றாக்கி, சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சுவிஸ் நாய்ப் புற்றுநோய்ப் பதிவேடு என்று ஒன்றை உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகள். அவற்றிலே ஏறத்தாழ 68,000 கட்டிகள். அந்தக் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தோலிலே வந்தவை. வீட்டிலே நடந்த சாவுக்கு "காய்ச்சல்" என்று ஒரு சொல்லில் காரணம் சொல்லி முடித்த ஊர்களிலிருந்து வந்த எமக்கு, ஐம்பது வருடமாக நாயின் கட்டியை இனம், வயது, இருப்பிடம் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இதற்கு அன்பு மட்டும் காரணமல்ல. நாய் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறது, ஒரே காற்றைச் சுவாசிக்கிறது, அதற்கும் வயதாகும்போதுதான் பெரும்பாலும் புற்று வருகிறது. அதன் வாழ்வு பத்துப் பன்னிரண்டு வருடம் என்பதால் மனிதரில் முப்பது வருடம் காத்திருந்து பார்க்க வேண்டியதை நாயில் விரைவாகப் பார்க்கலாம். ஆய்வுகூட எலிக்குப் புற்றை ஊசியால் ஏற்றவேண்டும். நாய்க்கு அது தானாகவே வருகிறது, எங்களுக்கு வருவது போல.

இனிக் கடிதம் எழுதிய பிள்ளையின் நாய்க்கு வருவோம். மேல்மாடியில் இருந்த சுவிஸ் மூதாட்டி முதியோர் இல்லம் போனபோது இவர்களிடம் விட்டுப்போன நாய் அது. வயது ஒன்பது. தகப்பன் உணவகத்துக் குசினியில் வேலை. நாம் தொலைபேசியில் கதைத்தபோது, "தம்பி, மனிசருக்குக் கட்டவே காசில்லை, நாய்க்கு எங்காலை?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் நோய்க் காப்புறுதி நாய்க்கு ஒரு சதமும் கொடுக்காது. அதற்குத் தனியாக விலங்குக் காப்புறுதி எடுக்கவேண்டும், ஏற்கனவே வந்த வருத்தத்துக்கு அது பெரும்பாலும் உதவாது. ஆனால் ஒன்றை அவருக்குச் சொன்னோம். கட்டியைக் கண்டவுடன் வெட்டு, படம், ஆய்வு என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. முதற்படி ஒரு மெல்லிய ஊசி. கட்டிக்குள் அதைச் செலுத்திச் சில கலங்களை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. அத்துடன், எதையும் செய்யுமுன் "கோஸ்ரன்ஃபோரான்ஷ்லாக்", அதாவது செலவு மதிப்பீடு எழுத்தில் தாருங்கள் என்று மிருக வைத்தியரிடம் கேட்கலாம். கேட்பது வெட்கமல்ல. சுவிஸ்காரரும் கேட்கிறார்கள்.

ஏனென்றால் நாயின் தோலில் வரும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. கொழுப்புக் கட்டி என்றால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். இளம் நாய்களில் சிவந்த பொத்தான் போல எழும்பும் ஒரு வகைக் கட்டி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வற்றிப்போகும். வயதான நாயின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் மரு போன்றவை அசிங்கமாக இருக்கும், ஆனால் ஆபத்துக் குறைவு. இவற்றுக்கு நடுவே மாஸ்ட் கலக் கட்டி என்ற ஒன்று இருக்கிறது. அது எந்த உருவத்திலும் வரும். கொழுப்புக் கட்டி போலவும் நடிக்கும். நாயின் தோலில் வரும் தீங்கான கட்டிகளில் மிகவும் அடிக்கடி காண்பது அதுவே. கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இவற்றைப் பிரித்தறிய வைத்தியராலேயே முடியாது. அம்மம்மாவாலும் முடியாது.

அந்த நாயின் கட்டியை எடுத்துப் பார்த்ததில் வந்த அறிக்கையைத் தகப்பன் படமெடுத்து அனுப்பினார். அதில் இருந்த சொல் "ட்ரிக்கோபிளாஸ்ரோம்". பக்கத்தில் "குட்ஆர்ற்றிக்" என்றிருந்தது. தீங்கற்றது என்று பொருள். பிள்ளைக்கு உடனே அறிவித்தோம். ஆனால் எமக்கு அந்த முதற் சொல் விடவில்லை. மயிர்க்காலின் முளைக் கலங்களை ஒத்த கட்டி என்று அதற்குப் பொருள். முன்பு இதை வேறொரு பெயரில், அடிக்கலக் கட்டி என்று பொதுவாக அழைத்திருக்கிறார்கள். மயிர்க்காலிலிருந்து வருகிறது என்று பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் குருத்துக் கலம் என்ற விடயம் வருகிறது.

பனையைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் இல்லை. பனையின் ஓலையை வருடா வருடம் வெட்டலாம், திரும்ப வரும். வட்டுக்குள்ளே இருக்கும் குருத்துப் போய்விட்டால் மரம் போய்விட்டது. செல் விழுந்து தலை அறுந்த பனைகளைக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடம்பிலும் அப்படித்தான். தோல் நாளாந்தம் உதிர்கிறது, மயிர் கொட்டுகிறது, திரும்பவும் வருகிறது. உதிர்கின்ற கலங்கள் தாமாகப் பெருகுவதில்லை. எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சிறு தொகைக் குருத்துக் கலங்கள் தேவையான போது பிரிந்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் தோலாகவோ மயிராகவோ அனுப்புகின்றன. டொச்சில் இதற்கு "ஸ்ராம்செல்லெ" என்று பெயர். ஸ்ராம் என்றால் மரத்தின் அடி. அவர்கள் அடிமரத்தைச் சொல்கிறார்கள், நாம் குருத்தைச் சொல்கிறோம்.

மயிரில் இந்தக் கலங்கள் எங்கே இருக்கின்றன? மயிரின் வேர்க்குமிழில்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், வளர்ச்சி நடப்பது அங்கேதானே. 1990இல் அமெரிக்காவில் கொற்சாரெலிஸ், சுன், லாவ்க்கர் என்ற மூவர் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். கலங்களுக்கு ஓர் அடையாளத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். வேகமாகப் பிரியும் கலத்தில் அந்த அடையாளம் பங்கு போட்டுப் போட்டு மங்கிப்போகும். அபூர்வமாகப் பிரியும் கலத்தில் அப்படியே நிற்கும். வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்தபோது அடையாளம் நின்றது வேரில் அல்ல. மயிர் சிலிர்க்கும்போது இழுக்கும் சிறு தசை இருக்கிறதே, அது மயிர்க்காலில் வந்து பொருந்தும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. அங்கேதான். குளிரில் எங்கள் கையில் மயிர் கூச்செறியும்போது இழுபடுவதும் அதே இடம்தான்.

சரி, ஒரு கலத்தைப் பார்த்து நீ குருத்துக் கலம் என்று எப்படிச் சொல்வது? நுணுக்குக்காட்டியில் அது மற்றக் கலங்களைப் போலவே இருக்கும். நாம் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரே அளவான உலோகத் துண்டுகள் பெட்டி பெட்டியாக வரும். கண்ணுக்கு எல்லாம் ஒன்று. ஒட்டியிருக்கும் சீட்டின் நிறம்தான் எது எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று சொல்லும். கலத்தின் மேலும் உள்ளேயும் இருக்கும் சில புரதங்கள் அந்தச் சீட்டுப் போன்றவை. அடையாளக் குறி என்று சொல்லலாம். குறிப்பிட்ட குறியில் மட்டும் போய் ஒட்டும் பிறபொருளெதிரி ஒன்றைச் செய்து, அதிலே ஒரு சாயத்தைக் கட்டி, தோலின் மெல்லிய சீவலில் ஊற்றிக் கழுவினால், குறி உள்ள கலங்கள் மட்டும் கபில நிறமாகத் தெரியும். மயிர்க்காலின் குருத்துக் கலங்களுக்குச் சிடி34, கெரற்றின்15, எல்ஜிஆர்5, சொக்ஸ்9 என்று இப்படிப் பல குறிகளைக் கண்டிருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பகுதி எலியிலும் மனிதரிலும் கண்டவை. நாயின் மயிர்க்கால் வேறு மாதிரி. எங்கள் தலையிலே பெரும்பாலும் ஒரு மயிர்க்காலுக்கு ஒரு மயிர். நாயிலே ஒரே துவாரத்தால் ஒரு தடித்த மயிரும் அதைச் சுற்றிப் பல மெல்லிய மயிர்களும் வெளிவரும். ஆகவே எலிக்குரிய குறி நாய்க்கும் பொருந்துமா என்பதை யாராவது இருந்து பார்க்கவேண்டும். அதைப் பார்த்தவர்கள் எங்கள் பேர்ண் நகரத்தில் இருந்தார்கள். பேர்ண், சூரிச் இரண்டு பல்கலைக்கழகங்களின் மிருக வைத்திய பீடங்களும் 2006இல் வெற்சுவிஸ் என்ற பெயரில் ஒன்றாயின. அதன் பேர்ண் பகுதியில் மோனிக்கா வெல்லே, டொமினிக் வீனர் முதலியோர் 2016இல் நாயின் மயிர்க்காலில் குருத்துக் கலக் குறிகள் எங்கெங்கே காணப்படுகின்றன என்ற ஆய்வை வெளியிட்டார்கள். மனிதரிலும் எலியிலும் தெரிந்த குறிகள் நாயிலும் உண்டு, ஆனால் எல்லாம் அதே இடத்தில் அப்படியே இல்லை என்பதே நாம் விளங்கிக்கொண்டது. நல்ல தோலின் வரைபடம் கையில் இருந்தால்தான் கட்டியிலே எது பிசகியது என்று சொல்லலாம். அந்த வகையில் இது அடிப்படை வேலை. மயிர்க்காலின் குருத்துக் கலக் குறியான கெரற்றின்15 மயிர்க்காலிலிருந்து வரும் சில கட்டிகளிலும் காணப்படுகிறது. அப்படியானால் அந்தக் கட்டி எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊகிக்க முடிகிறது.

இன்னொரு பெரிய கேள்வியும் உண்டு. கட்டிக்குள்ளேயே குருத்துக் கலம் இருக்கிறதா? தோட்டம் செய்தவர்களுக்குக் கோரையைத் தெரியும். வெங்காயப் பாத்தியில் மேலே எவ்வளவு பிடுங்கினாலும் கிழங்கு கீழே கிடந்தால் மழைக்கு அடுத்த நாள் பச்சை தெரியும். புற்றும் மருந்துக்கு வற்றிப் பிறகு திரும்ப வருவது இப்படி ஒரு கிழங்கு மிஞ்சுவதாலோ என்று கேட்டார்கள். 1990களில் கனடாவின் ரொறன்ரோவில் ஜோன் டிக் என்பவரின் குழு இரத்தப் புற்றில் அதைக் காட்டியது. எல்லாப் புற்றுக் கலங்களாலும் நோயைத் திரும்ப உண்டாக்க முடியவில்லை, சிடி34 குறியுள்ள ஒரு சிறு பகுதியால்தான் முடிந்தது. அதன் பிறகு மார்பு, மூளை, தோல் என்று எல்லாக் கட்டிகளிலும் தேடத் தொடங்கினார்கள். நாயின் கட்டிகளிலும் சிடி44, சிடி133 போன்ற குறிகளைத் தேடினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாக இருக்கவேண்டும். 2008இல் அமெரிக்காவில் மனிதரின் கரும்புற்றை வைத்துச் செய்த ஒரு சோதனையில், தகுந்த எலியில் வைத்தால் நாலு கலத்தில் ஒன்று புதிய கட்டியை உண்டாக்கியது. நாலில் ஒன்று என்றால் அது கிழங்கல்ல, புல்லே கிழங்கு! அத்துடன் சிடி44 நல்ல கலங்கள் பலவற்றிலும் இருப்பது. மனிதருக்கெனச் செய்த பிறபொருளெதிரி நாயின் புரதத்தில் சரியாக ஒட்டாமலும் போகலாம், ஒட்டக்கூடாததில் ஒட்டவும் செய்யலாம். எனவே குறி தெரிந்தது என்பதற்காகக் குருத்துக் கலம் அகப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. "குருத்துக் கல வைத்தியம்" என்று விளம்பரம் போட்டு, மனிதருக்கும் நாய்க்கும் புற்றைக் குணமாக்குவோம் என்பவர்களிடம் கடன் வாங்கிக் காசு கட்டவேண்டாம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.

ஆனால் ஒரு குறி உண்மையில் பயன் தந்தது. மாஸ்ட் கலக் கட்டி என்று மேலே சொன்னோமே, அதன் கலங்களில் கிற் என்ற புரதம் இருக்கிறது. இரத்தத்தின் குருத்துக் கலங்களிலும் இதே புரதம் இருக்கிறது. சிடி117 என்பது அதன் மறுபெயர். வெளியிலிருந்து செய்தி வந்தால் கலத்தைப் பெருகச் சொல்லும் ஆளி அது. 1999இல் நாய்களின் மாஸ்ட் கட்டிகள் சிலவற்றில் அந்தப் பரம்பரையலகில் விகாரம் இருப்பதைக் கண்டார்கள். செய்தி வராமலே ஆளி போட்டபடி நிற்கிறது. ஆளியை அணைக்கும் மருந்து பல்லாடியா 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாயின் புற்றுக்கென்றே அங்கு அனுமதி கிடைத்த முதல் மருந்து அதுதான். மனிதரின் சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கப்படும் சுனிற்றினிப் இதன் நெருங்கிய உறவு. நாயில் கற்றது மனிதருக்கும் உதவியது.

இதே ஆளியையும் இரத்தப் புற்றின் வேறொரு ஆளியையும் அணைக்கும் இன்னொரு மருந்து எங்களுக்குப் பக்கத்தில், பாசலில் உள்ள நொவார்ட்டிஸ் கம்பனியின் கிளிவெக். 2001இல் வந்தபோது மாத்திரையாலேயே ஒரு வகை இரத்தப் புற்றை அடக்கலாம் என்று உலகம் வியந்தது. அதன் விலைதான் ஏழைகளுக்கு எட்டவில்லை. இந்தியாவில் அதற்கு உரிமம் கேட்டபோது 2006இல் சென்னை உரிம அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போய், கடைசியில் 1 ஏப்ரல் 2013இல் டில்லி உச்ச நீதிமன்றம் கம்பனியின் மனுவைத் தள்ளியது. அதனால் இந்தியக் கம்பனிகள் மலிவாக அதே மருந்தைச் செய்ய வழி நின்றது. பாசலில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் சிலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

மாஸ்ட் கட்டி பற்றி வீட்டில் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. அமத்திப் பார்க்கக்கூடாது. மஞ்சள் பத்து, சூட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம். அந்தக் கலங்களுக்குள் ஹிஸ்ரமின் நிறைந்திருக்கிறது. நசித்தால் அது வெளியேறிச் சுற்றிவரச் சிவந்து வீங்கும், நாய் சத்தியெடுக்கவும் கூடும்.

அம்மம்மாவின் பயத்துக்கும் அடியில்லாமல் இல்லை. நாய்க்கு நாய் தொற்றும் புற்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஊர்த் தெரு நாய்களின் பின்பக்கத்தில் பூக்கோவா போலச் சிவந்து தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அது கிருமியால் வருவதல்ல. பதினோராயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஏதோவொரு நாயின் புற்றுக் கலங்களே இணைசேரும்போது நாய்க்கு நாய் தாவி இன்றுவரை உயிரோடு இருக்கின்றன என்று 2014இல் பரம்பரையலகை வாசித்துச் சொன்னார்கள். மருந்துக்குப் பெரும்பாலும் குணமாகும். மனிதருக்கு அது தாவாது. மற்ற நாய்ப் புற்றுகள் நாய்க்கு நாயே தாவுவதில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதத் தொடங்கும்போது எமக்கே தெரியாது. நாயின் மயிருள்ள தோலில் வரும் கறுத்தக் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் வாயிலும் நகத்தடியிலும் வரும் கறுத்தக் கட்டிகள் பொல்லாதவை. மனிதரில் கரும்புற்று வெள்ளைத் தோலுக்கு வருவது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். சுவிசில் அது அதிகம், வெயிலால் வருகிறது, எங்களுக்கு அபூர்வம் என்பது சரி. ஆனால் எங்களைப் போன்ற கறுத்தத் தோலுள்ளவர்களுக்கு வந்தால் அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில், உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. யாரும் அங்கே பார்ப்பதில்லை. அதனால் பிந்தியே தெரிகிறது. பாடகர் பொப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்தப் புற்றால்தான்.

எங்களோடு வேலை செய்யும் ஓர் அண்ணைக்குப் பெருவிரல் நகத்தில் மாதக்கணக்காக ஒரு கறுப்புக் கோடு. "இரும்புச் சப்பாத்து நசிச்சது, விடும்" என்பார். வைத்தியரிடம் போனால் வருடத் தொடக்கத்தில் கட்டவேண்டிய தொகை முழுவதும் தன் கையால் போகும் என்பதுதான் அவருடைய உண்மையான தடை. அது எங்கள் எல்லோருக்கும் உள்ள தடை. நாயின் கதையைச் சொல்லிச் சொல்லி இரண்டு மாதத்தில் அனுப்பி வைத்தோம். கண்டிய இரத்தம்தான், நகத்தோடு வளர்ந்து போய்விடும் என்றார்கள். அண்ணை பில்லைக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். நாங்கள் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தோம்.

வைத்தியரிடம் போகிறவர்களுக்குச் சில டொச் சொற்கள், நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றுதான். "குட்ஆர்ற்றிக்" தீங்கற்றது, "பூஸ்ஆர்ற்றிக்" தீங்கானது. "பைன்நாடல்புங்சியோன்" மெல்லிய ஊசியால் எடுத்துப் பார்ப்பது. கட்டியை வெட்டியெடுத்தால் "ஷ்னிட்ராண்ட்" எப்படி என்று கேளுங்கள், வெட்டிய விளிம்பு வரை கட்டி நிற்கிறதா என்பது அதன் பொருள். அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். விளங்காவிட்டால் பெயரை மறைத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பலாம், தெரிந்தவர்களிடம் காட்டி அடுத்த இதழில் எழுதுகிறோம்.